நீல நகப்பூச்சு

"ஏங்க, நீங்களே உள்ள போங்க. பொண்ணு அவளாப் பூசினதை நான் எப்படிங்க அழிப்பேன்?" என்று சொல்லி, பஞ்சையும் சின்ன பாட்டிலையும் அவன் மடியில் வைத்தாள் மனைவி.

அவன் பஸ் ஓட்டுபவன். வண்டி நடுரோட்டில் நின்றுபோனால்கூடப் பதறமாட்டான். மகளுக்கு நெஞ்சில் சளி கட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குக் குழாய் போட்டுப் படுக்க வைத்ததிலிருந்து, கண்ணாடிக் கதவுக்கு எதிரில் இருந்த அந்த நாற்காலிதான் அவனுக்குக் கதி. உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். ஒவ்வொரு முறையும் "நீ போய்ட்டு வா" என்று மனைவியை அனுப்பிவிடுவான். அழவும் இல்லை. டீ குடித்தோமா இல்லையா என்பதே டம்ளரைப் பார்த்தால்தான் தெரிந்தது. "மரக்கட்டை மாதிரி உக்காந்திருக்கீங்க" என்று அவள் ஒரு தடவை சொன்னாள். சரிதான் என்று நினைத்துக்கொண்டான்.

மயக்க மருந்தைக் குறைக்கிறோம், குழந்தை தானாகக் கைகாலை அசைக்கிறாளா பார்ப்போம் என்று டாக்டர் காலையில் சொல்லியிருந்தார். அசைக்காவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. பிறகு நர்ஸ் வந்தாள். கால் விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்க்க மாட்டியிருக்கும் கிளிப்பைக் கை விரலுக்கு மாற்ற வேண்டும், நகத்தின் நிறமும் தெரிய வேண்டும், பத்து விரலையும் துடைத்துவிடுங்கள் என்று பஞ்சையும் பூச்சை அழிக்கும் மருந்துப் பாட்டிலையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

கதவருகே ஷூவையும் சாக்ஸையும் கழற்றினான். நர்ஸ் குனிந்து அவன் கால் நகங்களைப் பார்த்தாள்.

"அடடே, அப்பாவுக்கும் அதே நீலமா? மேட்சிங்கா?"

"ஞாயித்துக்கிழமை பூசி விட்டா. காயற வரைக்கும் ஆடக் கூடாதாம். ஆடினா அவுட்டு."

"அவுட் ஆனீங்களா?"

"இல்ல. தூங்கிட்டேன்."

"அப்படியேவா வண்டி ஓட்டினீங்க?"

"ஷூவுக்குள்ள யாரும்மா பாக்கப் போறா?"

அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். தானும் சிரிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. முகம் ஒத்துழைக்கவில்லை.

கட்டில் பெரிதாக இருந்தது, அதில் மகள் சின்னதாக இருந்தாள். வீட்டில் அவளைச் சுண்டெலி என்பான். இங்கே அந்தப் பேர் வாயில் வரவில்லை. வண்டி ஏறினால் முதலில் மீட்டரைப் பார்ப்பது போல இயந்திரத்தில் ஓடிய எண்களைப் பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை. குழாய் ஒட்டியிருந்த வாயைப் பார்க்காமல் அவள் கையை எடுத்துப் பிடித்தான். துணி மாதிரித் தொங்கியது.

பஞ்சை நனைத்துத் துடைத்தான். முதல் ட்ரிப்புக்கு முன்னால் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைத் துடைக்கும் அதே சுற்று. பூச்சு நகத்தை விட்டுச் சதையிலும் ஏகத்துக்கு ஈஷியிருந்தது. ஒரு கை முடிந்தது. மறு கையில் மருந்து ஏறும் ஊசி இருந்ததால் மெதுவாகத் துடைத்தான். மனதில் எதுவும் ஓடவில்லை. இந்த விரல், அடுத்த விரல். அவ்வளவுதான்.

கடைசியாகச் சுண்டுவிரல். பஞ்சை வைத்ததும் அது நழுவியது. தன் கைதான் வழுக்கிவிட்டது என்று நினைத்துத் திரும்பப் பிடித்தான். விரல் மறுபடி நழுவி உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. மற்ற விரல்கள் வந்து அதை மூடின.

அவன் பஞ்சோடு நின்றான்.

எதிர்க் கட்டில் பக்கமிருந்து நர்ஸ் வேகமாக வந்தாள். "சார், கையை விடுங்க. இப்ப திரும்பத் தொடுங்க."

தொட்டான். மூடிய கை இன்னும் இறுகியது.

"ஆடிட்ட. அவுட்டு," என்றான் அவன்.

"டாக்டரைக் கூப்பிடறேன். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்."

வெளியே மனைவி எழுந்து நின்றிருந்தாள். அவன் வெறுங்காலோடு வந்து அவளுக்கு முன்னால் நின்றான். அவள் முதலில் அவன் கால்களைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த நீலப் பஞ்சை.

"துடைச்சாச்சா?"

"ஒம்பது விரல்தான் ஆச்சு."

"இன்னொண்ணு?"

"குடுக்க மாட்டேங்கறா."