தட்டியபோது உள்ளே இருந்தோம்

1974ஆம் வருஷம் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், போடிநாயக்கனூர் கிட்டங்கிச் சந்தில் மத்தியானம் சாத்திய கதவுகள் 1983 வரை திறக்கவில்லை. அந்த வருஷம் ஏலக்காய் விலை சுமார். சந்தில் வீடுகள் ஒரே வரிசை, பின்பக்கம் முழுக்க ஏலக்காய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் சுவர். வேறு வழியில்லாமல் ஜனங்கள் கூரை ஓட்டைப் பிரித்து, ஏணி வைத்து, ஏறி இறங்கினார்கள்.

கதவைச் சாத்தியதற்குக் காரணம் மரியாதைதான். ஒரு வீட்டில் புருசன் பெண்டாட்டியை அடிக்கிற சத்தம் கேட்டால் மற்ற வீட்டார் கதவைச் சாத்திக்கொள்வது அந்தச் சந்தின் வழக்கம். அடுத்தவர் மானத்தை எட்டிப் பார்க்கக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. அன்றைக்கு அடித்தவன் அழகுமலை, எஸ்டேட் ஆட்களைப் போடிமெட்டுக்கு ஏற்றிப்போகிற ஜீப்பு டிரைவர். ஞாயிற்றுக்கிழமை லோடு கிடையாது. ஜீப்பை முடுக்குகிற இரும்பு ஹேண்டில் கையில் சும்மா இருந்தது. அவன் மனைவி இருளம்மாள் தெருவுக்கு ஓடிவந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். கடைசிக் கதவு மொக்கச்சாமியுடையது. அவர் மனைவி கருத்தம்மாள் உள்ளேயிருந்து தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். மொக்கச்சாமி வெற்றிலையை மடித்தபடியே சொன்னார், "அது அவுக வீட்டுச் சோலி. நீ ஒலையப் பாரு." அவள் உலையைப் பார்த்தாள். சோறு அன்றைக்குப் பதமாக வெந்திருந்தது. இருளம்மாள் அந்த வாசற்படியிலேயே செத்துப்போனாள்.

கோர்ட்டில் சந்து மொத்தமும் ஒரே குரலில் சாட்சி சொன்னது: கதவு சாத்தியிருந்துச்சுங்கய்யா, நாங்க ஒண்ணும் பாக்கல. அதில் பொய் ஒன்றுமில்லை. அழகுமலை விடுதலையாகி வந்தான். அவன் வீட்டுக் கதவு மட்டும் ஒழுங்காகத் திறந்து மூடியது. அன்றைக்கு அவன் அதைச் சாத்தவில்லையே என்று தச்சர் பால்சாமி காரணம் சொன்னார். மற்றவர்கள் கோடாலி போட்டுப் பார்த்தார்கள், கோடாலிதான் உடைந்தது. நாளடைவில் பழகிவிட்டது. மணப்பெண்கள் வலது காலை எடுத்து வைத்து ஓட்டுக்குள் இறங்கினார்கள். மாப்பிள்ளைக்குச் சீரோடு ஏணியும் கேட்டார்கள். பாடையைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். கருத்தம்மாளுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: தாழ்ப்பாளின் துரு வலது உள்ளங்கையில் படிந்து, புளிக்கும் போகவில்லை, சீயக்காய்க்கும் போகவில்லை. அவள் தொட்ட பச்சைக் காயெல்லாம் பழுப்பேறியதால், கிட்டங்கியில் காய் பொறுக்குகிற பெண்கள் அவளைத் தனியாக உட்காரவைத்தார்கள். அவள் ஏனென்று கேட்கவில்லை.

கதவு திறக்க வேண்டி, இருளம்மாளைச் சாமியாக்குவதென்று முடிவானது. கல் நட்டு, பட்டுச் சீலை சாத்தி, பொங்கல் வைத்து, கிடா வெட்டினார்கள். கமிட்டித் தலைவர் மொக்கச்சாமி. முதல் மரியாதை, புருசன் என்ற முறையில், அழகுமலைக்கு. மாலையும் பரிவட்டமுமாக அவன் நின்றதைப் பார்த்து, ராசிங்காபுரத்தில் ஒரு வீட்டார் தங்கள் மகள் குருவம்மாளை அவனுக்குக் கொடுத்தார்கள். நல்ல சம்பாத்தியம், கதவு திறக்கிற வீடு. கிடாக்கறி ஓட்டு வழியாக எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. கதவுகள் அசையவில்லை.

1983இல் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குருவம்மாள் தலையில் ரத்தத்தோடு ஓடிவந்தாள், பின்னாலேயே ஹேண்டிலோடு அழகுமலை. எந்தக் கதவும் திறக்காது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினாள். கருத்தம்மாள் தாழ்ப்பாளை இழுத்தாள், அது வரவில்லை. மொக்கச்சாமி பழைய வாக்கியத்தை ஆரம்பித்தார். அவள் அதற்குள் ஏணியில் பாதி ஏறியிருந்தாள். ஓட்டுச் சரிவில் சறுக்கித் தெருவில் விழுந்ததில் கணுக்கால் முறிந்தது. முறிந்த காலோடு எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"அழகுமல, இன்னைக்கி நான் பாத்துட்டேன்."

"ஒங்க சோலியப் பாத்துக்கிட்டுப் போங்கக்கா" என்றான் அவன்.

"இதான்ப்பா என் சோலி."

பக்கத்து ஓட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, நானும் பாத்தேன் என்றது. அடுத்த ஓட்டிலிருந்து, நானுந்தேன். வரிசையாகத் தலைகள் கிளம்பின. பார்க்கப்பட்டுப் பழக்கமில்லாத அழகுமலைக்குக் கை தளர்ந்து, ஹேண்டில் கீழே விழுந்தது. இந்தத் தடவை சந்து கோர்ட்டில் உள்ளதைச் சொன்னது. சாட்சி சொல்லித் திரும்பிய சாயங்காலம் சாத்தியிருந்த கதவுகளெல்லாம் நிலையோடு பெயர்ந்து தெருப்பக்கம் சாய்ந்தன. ஒவ்வொன்றிலும் இடுப்புயரத்தில் தட்டிய கை ஒன்று பதிந்திருந்தது. மொக்கச்சாமி தன் கதவை இழைத்துத் தரச் சொன்னார். பால்சாமி இழைக்க இழைக்கப் பலகைதான் மெலிந்தது, கை ஆழமானது.

அவற்றைத் திரும்ப மாட்டவோ அடுப்பெரிக்கவோ யாருக்கும் மனம் வரவில்லை. ஜீப்புகள் நிற்கிற பொட்டலில் நட்டுவைப்பதென்றும், அவரவர் கதவை அவரவரே சுமப்பதென்றும் ஆயிற்று. மொக்கச்சாமி மூன்று இடத்தில் இறக்கிவைத்து இளைப்பாறினார். ஒரு கை கொடுக்க யாரும் போகவில்லை. கமிட்டி, 'தியாகி இருளம்மாள் நினைவிடம்' என்று பலகை எழுத இருந்தது. தலையில் தழும்போடு குருவம்மாள் குறுக்கே வந்தாள். "அவுக தியாகம் பண்ணலண்ணே. தட்டுனாக" என்றாள். பிறகு ஒவ்வொரு கதவிலும் அந்தந்த வீட்டுக்காரர் பெயரும் அதன் கீழே 'தட்டியபோது உள்ளே இருந்தோம்' என்றும் எழுதினார்கள். மொக்கச்சாமி தன் பெயரைக் கொஞ்சம் சின்னதாக எழுதச் சொன்னார். மறுநாள் அது பெரிதாகத்தான் இருந்தது.

அந்தப் பொட்டலில் இப்போதும் ஜீப்புகள் நிற்கின்றன. எஸ்டேட்டுக்குப் போகிற பெண்கள் மழைக்குக் கதவோரம் ஒதுங்குகிறார்கள். பொட்டிபுரத்திலிருந்தும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வீங்கின முகத்தோடு சிலர் வந்து அந்தக் கைத்தடத்தில் தங்கள் கையை வைக்கிறார்கள். யார் வைத்தாலும் அளவு சரியாக இருக்கிறது. வைத்த உடனே கிட்டங்கிச் சந்தில், கதவே இல்லாத வாசல்களில், தட்டுகிற சத்தம் கேட்கிறது. கருத்தம்மாள் காலை இழுத்துக்கொண்டு எழுந்து பொட்டலுக்குப் போகிறாள். துரு போகவில்லை, அவளும் இப்போது தேய்ப்பதில்லை. அவள் திரும்பிவரும் வரைக்கும் உலையை மொக்கச்சாமி பார்த்துக்கொள்கிறார்.