கிறிஸ்துராஜ் இறங்கிய ஸ்டேஷன்

அருள்தாஸ் ஜப்பானுக்குப் போகிறான் என்ற செய்தி அயனம்பாக்கத்தில் பரவிய அன்று மாலையே சகாயம்மாள் அவன் வீட்டுக்கு வந்தாள். நாலு வீடு தள்ளி இருப்பவள். துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் பட்டன் தைக்கும் வேலை. வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் ஒரு கவர்.

"அருளு, நீ போற ஊருக்கும் என் புள்ள கீற ஊருக்கும் எவ்ளோ தூரம்?"

அருள்தாஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். புதிதாக வாங்கிய மெஷினைப் பழகிக்கொண்டு வர அவனை மூன்று வாரம் நகோயாவுக்கு அனுப்பினார்கள். அது 1991 பிப்ரவரி. ஜப்பான் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அவனுக்கும் தெரியாது.

"கவர்ல அட்ரஸ் இருக்குதா அக்கா?"

பின்பக்கம் இருந்தது. எல்லாம் ஜப்பான் எழுத்து. சகாயம்மாளின் ஒரே மகன் கிறிஸ்துராஜ் இரண்டு வருடம் முன்பு ஆவடி ஏஜெண்ட் வரதன் மூலமாகப் போனவன். டூரிஸ்ட் விசா. கழுத்தில் ஒரு இரவல் கேமராவை மாட்டி, யார் கேட்டாலும் சுற்றிப்பார்க்க வந்தேன் என்று சொல்லச் சொல்லித்தான் வரதன் விமானம் ஏற்றிவிட்டான். மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. அக்டோபருக்குப் பிறகு வரவில்லை.

"இதான் கடைசியா வந்தது. பிரிச்சுப் பாரு. இது என் புள்ள எழுத்து இல்ல."

நாலே வரி. நலமாக இருக்கிறேன், வேலை அதிகம், கவலைப்பட வேண்டாம். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகிடந்தன. சின்னப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது.

"வரதன் இன்னா சொல்றான்?"

"நல்லா கீறான்னு சொல்றான். எப்ப போய்க் கேட்டாலும் அதே பேச்சு. நீ ஒண்ணும் பண்ண வேணாம்பா. அவன் மூஞ்சிய ஒருவாட்டி பாத்துட்டு வந்து சொல்லு."

நகோயாவில் அவனுக்கு மெஷின் சொல்லிக்கொடுத்தவர் கொண்டோ என்ற மேற்பார்வையாளர். கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார். இரண்டாவது வாரம் சாப்பாட்டு நேரத்தில் அருள்தாஸ் கவரை எடுத்துக் காட்டினான். கொண்டோ படித்தார். திரும்பவும் படித்தார்.

"இங்கே யார் இருக்கிறார்கள்?"

"என் ஊர்க்காரப் பையன்."

கொண்டோ கவரைத் திருப்பிக் கொடுத்தார். சாப்பாட்டை முடித்தார். எழுந்து போகும்போதுதான் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை போ. அன்றைக்கு முதலாளி இருக்கமாட்டார்."

மறுநாள் ஒரு தாள் கொண்டுவந்து கொடுத்தார். எந்த பிளாட்பாரம், எத்தனை மணிக்கு வண்டி, எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்று எண்களாக எழுதியிருந்தது. ஸ்டேஷன் பெயர்களைப் பார்க்காதே, உன்னால் படிக்க முடியாது, வாட்சைப் பார் என்றார். பதினொன்று முப்பத்தேழுக்கு எந்த ஸ்டேஷனில் வண்டி நிற்கிறதோ அதுதான் நீ இறங்கும் இடம். திரும்புவதற்கு மூன்று ஐம்பத்திரண்டு. அந்த எண்ணின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். "இதை விட்டால் பனியில் அடுத்த வண்டி வருமா என்று சொல்ல முடியாது."

ஞாயிறு காலை எட்டு நாற்பத்து மூன்றுக்கு வண்டி கிளம்பியது. அருள்தாஸ் தினமும் அம்பத்தூர் ரயிலில் கதவோரம் தொங்கிக்கொண்டே போய் வந்தவன். இங்கே பெட்டி நிறைய ஆட்கள் இருந்தும் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். தங்கள் ஸ்டேஷன் வருவதற்குச் சரியாக ஒரு நிமிடம் முன்பு யாரும் எழுப்பாமல் கண் விழித்து, இறங்கிப் போனார்கள். அவன் மட்டும் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பத்து இருபத்தொன்றுக்கு ஒரு ஜங்ஷனில் மாறினான். இந்த வண்டிக்கு இரண்டே பெட்டி. பாதை மலைக்குள் நுழைந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே கறுப்பாக ஓடும் ஆறு. ஒவ்வொரு சுரங்கம் தாண்டும்போதும் வெளியே பனி கூடியிருந்தது. ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசியில் அந்தப் பெட்டியில் அவனும், முழங்காலில் பையை வைத்திருந்த ஒரு பெண்ணும் மட்டும். அவன் முன்சீட்டிலிருந்து டிரைவரைப் பார்த்தான். வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர் ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டிக்காட்டி, தனக்குத்தானே ஏதோ உரக்கச் சொல்லிக்கொண்டார். யாரோ எதிரில் நிற்பதுபோல. இது அவருடைய வேலையின் ஒழுங்கு என்று அருள்தாஸுக்குப் புரிந்தது. இருந்தாலும் சுரங்கத்துக்குள் அந்தக் குரல் மட்டும் கேட்டபோது அவன் பின்சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

பதினொன்று முப்பத்தேழு. வண்டி நின்றது. கதவு திறக்கவில்லை. அந்தப் பெண் எழுந்து வந்து பக்கத்திலிருந்த பட்டனை அமுக்கிக் காட்டினாள். அவன் இறங்கினான். அவள் இறங்கவில்லை. வண்டி போனபிறகு பிளாட்பாரத்தில் வேறு யாரும் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

ஊர் முனையில் ஒரு வழிப்போக்கரிடம் கவரைக் காட்டினான். அவர் படித்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். ஆற்றங்கரைப் பக்கம் கை காட்டிவிட்டு வேகமாக நடந்தார். அங்கே தகரக் கூரை போட்ட பட்டறை. பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே மூன்று பிரஸ் மெஷின்கள் தெரிந்தன. கையைக் காக்கும் தடுப்பு மூன்றிலும் கழற்றப்பட்டிருந்ததை அவன் கண் முதலில் பார்த்தது.

பின்பக்கம் ஒரு நீளமான அறை. தட்டினான். உள்ளே பேச்சு நின்றது. மறுபடி தட்டியதும் ஒருவன் கதவை ஒரு சாண் திறந்தான். வங்காளதேசத்துக்காரன் என்று பிறகு தெரிந்தது.

"கிறிஸ்துராஜ்," என்றான் அருள்தாஸ். "இந்தியா. மெட்ராஸ்."

கதவைத் திறந்தபோது அந்த வாடை வந்தது. எஸ்டேட்டில் வேலை செய்கிற யாருக்கும் அது தெரியும். கட்டுப் போட்டு மறந்துபோன காயத்தின் வாடை.

மூலையில் இரண்டு போர்வைக்குள் கிறிஸ்துராஜ் கிடந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. வலது கையில் துணி சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தது. முழங்கை வரை வீங்கியிருந்தது.

"யாரு?" என்றான். பிறகு, "அருளண்ணே. நீ எப்படி இங்க?"

"உங்கம்மா பாக்கச் சொன்னாங்க. இன்னாடா இது?"

"அக்டோபர்ல மெஷின்ல ரெண்டு வெரலு போயிடுச்சு. கடைசி கடுதாசிகூட எடது கையாலதான் எழுதினேன். மொதலாளியே மருந்து போட்டாரு. ரெண்டு வாரத்துல திரும்ப மெஷின்ல நிக்க வெச்சாங்க. இப்ப பத்து நாளா புண்ணு திரும்பத் தொறந்துகிச்சு."

"ஆஸ்பத்திரி?"

"பாஸ்போர்ட்டு எங்கிட்ட இல்ல. வந்த அன்னிக்கே வாங்கிகினாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும்னு சொல்றாங்க. போலீஸ் வந்தா இவங்க எல்லாரும் மாட்டுவாங்க." அறையிலிருந்த ஐந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கெளம்பு," என்றான் அருள்தாஸ்.

மூன்று மணி நேரம் பேசினான். நகோயாவில் தனக்கு ஒரு டாக்டர் தெரியும், யாரிடமும் சொல்லாமல் பார்ப்பார் என்றான். அப்படி எந்த டாக்டரும் கிடையாது. கொண்டோ ஏதாவது செய்வார் என்ற நம்பிக்கைதான். கடைசியில் கிறிஸ்துராஜ் சம்மதித்தான். வங்காளதேசத்துக்காரன் தன் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டான்.

மூன்று ஐம்பத்திரண்டு வண்டி மூன்று ஐம்பத்திரண்டுக்கே வந்தது. பின்பெட்டியில் கார்டு வந்து டிக்கெட் கொடுத்தார். இளைஞர். குனிந்து வணங்கினார். கிறிஸ்துராஜின் முகத்தைப் பார்த்தார், கோட்டுக்குள் மறைத்த கையைப் பார்த்தார். ஏதோ கேட்டார். அருள்தாஸ் "ஓகே, ஓகே" என்றான். கார்டு மறுபடியும் வணங்கிவிட்டுத் தன் அறைக்குப் போனார். கண்ணாடி வழியாக அவர் இவர்களையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"தெரிஞ்சுகினான்," என்றான் கிறிஸ்துராஜ்.

"ஒண்ணும் இல்ல. கண்ண மூடிக்க."

கிறிஸ்துராஜின் உடம்பு அனலாகக் கொதித்தது. பல் கிட்டிப்போய் நடுங்கினான்.

நாலு பத்தொன்பதுக்கு ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. எதிர் வண்டிக்கு வழிவிட நாலு நிமிடம். கார்டு இறங்கி, பிளாட்பாரத் தூணிலிருந்த போன் பெட்டியைத் திறந்தார். பேசினார். பேசும்போது திரும்பி இவர்கள் ஜன்னலைப் பார்த்தார்.

"அண்ணே, போன் பண்றான்."

"எதிர் வண்டிக்காக இருக்கும்டா."

"எதிர் வண்டிக்கு எதுக்கு நம்மள பாக்கணும்?"

 அருள்தாஸுக்கும் அதே பயம் இருந்தது. எதிர் வண்டி வந்து நின்றது. கார்டு போனை வைத்துவிட்டு ஏறினார்.

"தாகமா கீது," என்றான் கிறிஸ்துராஜ். "பிளாட்பாரத்துல அந்த மெஷின்ல காசு போட்டா டீ கெடைக்கும். இரு, வந்துடறேன்."

"நீ ஒக்காரு, நான் போறேன்."

"ஒனக்கு அதுல எது டீன்னு தெரியாது."

சிரித்தபடி சொன்னான். அன்று அவன் சிரித்தது அப்போது மட்டும்தான். அதனால்தான் விட்டேன் என்று அருள்தாஸ் பிற்பாடு சொல்வான். கிறிஸ்துராஜ் இடது கையால் பட்டனை அமுக்கி இறங்கினான். டீ மெஷின்வரை போனான். அதன் முன்னால் நிற்காமல் அதற்குப் பின்னால் போய் நின்றான். அருள்தாஸ் எழுந்து கதவுக்கு ஓடுவதற்குள் விசில் கேட்டது. கதவு மூடியது. நாலு இருபத்து மூன்று.

கண்ணாடியைக் கையால் அடித்தான். கிறிஸ்துராஜ் மெஷின் ஓரத்திலிருந்து அவனைப் பார்த்தான். வரவேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தான். வண்டி சுரங்கத்துக்குள் போய்விட்டது.

அருள்தாஸ் கார்டிடம் ஓடினான். "ஃபிரண்ட், ஃபிரண்ட்" என்று பின்பக்கம் காட்டினான். கார்டுக்குப் புரிந்தது. அவர் முகம் வெளுத்தது. ரேடியோவில் பேசினார், மலைக்குள் அது இரைந்துகொண்டே இருந்தது. பிறகு சுவரிலிருந்த அட்டவணையில் விரல் வைத்துக் காட்டினார். ஐந்து எட்டு. ஜங்ஷன். மாலை வண்டி அதுவரை எங்கும் நிற்காது.

அந்த நாற்பத்தைந்து நிமிடமும் அருள்தாஸ் கதவருகிலேயே நின்றான். ஜங்ஷனில் போலீஸிடம் என்ன சொல்வது, பட்டறையில் இருக்கும் ஐந்து பேரைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிப் பேசுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தான்.

ஐந்து எட்டுக்கு வண்டி நின்றது. அவன் நின்ற கதவுக்கு நேர் எதிரே, ஓர் அடிகூடத் தள்ளாமல், ஒரு சக்கர நாற்காலி இருந்தது. அதன் பக்கத்தில் ரயில்வே உடுப்பில் இரண்டு பேர். வெள்ளை உடையில் ஒரு நர்ஸ், கையில் மடித்த கம்பளி. படிக்குக் கீழே ஆம்புலன்ஸின் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. நர்ஸ் அவனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லாததைக் கண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கிறிஸ்துராஜ் அங்கே இல்லை. விடியும்போது மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஒரு வயலின் சாமான் கொட்டகையில் கண்டுபிடித்தார்கள். பட்டறைக்கே திரும்பி நடந்திருக்கிறான். உயிர் இருந்தது. கையை முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. இதை அருள்தாஸிடம் சொன்னது கொண்டோதான். அவன் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் சொன்னார். முதல்நாள் மாலையே வந்திருந்தால் இன்னும் ஒரு விரல் போயிருக்கும், அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னாராம். அந்தக் குளிர்தான் கையைக் கொண்டுபோய்விட்டது. பட்டறையை மூடிவிட்டார்கள். ஐந்து பேரும் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்கள்.

ஊருக்கு வந்ததும் அருள்தாஸ் சகாயம்மாளிடம் எதையும் மறைக்கவில்லை. நாற்காலி, நர்ஸ், கம்பளி எல்லாம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. "அவனுக்கு அது தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றான்.

ஜூன் மாதம், பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தூதரகம் கொடுத்த காகிதத்தில் கிறிஸ்துராஜ் வந்து சேர்ந்தான். ஆவடியில் வரதன் கடையைப் பூட்டிவிட்டு எங்கேயோ போயிருந்தான். அருள்தாஸ் ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் பார்க்கப் போனான். கிறிஸ்துராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டையின் வலது கை மடித்துப் பின் குத்தியிருந்தது. வெயிலைப் பற்றி, எஸ்டேட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அந்த ஜங்ஷன்ல போலீஸ் நின்னுகினு இருந்துச்சா?"

அருள்தாஸ் அவனைப் பார்த்தான். இரவெல்லாம் இதே கேள்வியோடு கிடந்தவனின் கண்கள்.

"இருந்துச்சு. ரெண்டு பேரு."

"நான் அப்பவே நெனச்சேன்," என்றான் கிறிஸ்துராஜ். தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். "திரும்ப ஏறியிருந்தா ஜெயில்ல போட்டிருப்பாங்க."

சகாயம்மாள் டீயோடு உள்ளிருந்து வந்தவள் வாசற்படியிலேயே நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. ஒரு டம்ளரை அருள்தாஸிடம் கொடுத்தாள். இன்னொன்றை மகனின் இடது பக்கம் தரையில் வைத்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் உள்ளே போனாள்.