சிதம்பரத்தில் ஓடாத புரோகிராம்

செம்மண்டலத்தில் ஒரு மாடியில் இருந்த அந்தச் சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் கார்த்திகேசனுக்குத் தலைமை ஆர்க்கிடெக்ட் என்று பதவி. முதலாளி ராஜமாணிக்கத்தின் மச்சான் என்பது இன்னொரு பதவி. உண்மையான பதவியும் அதுதான். இளமதிக்கு அவனைப் பார்த்தாலே இளக்காரம். மூன்று மாதமாக அவன் பார்த்த வேலையைப் பக்கத்து மேசையிலிருந்து கவனித்தவள் அவள்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் புரோகிராம். நோயாளி பேரைத் தட்டினால் நம்பர் வரவேண்டும், அந்த நம்பர் டாக்டர் அறை வாசலில் உள்ள டிவியில் தெரியவேண்டும். அவ்வளவுதான். ஜாவாவில் ஸ்பிரிங் பூட் என்ற ரெடிமேட் சட்டகத்தை வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். கார்த்திகேசனோ இணையத்தில் கண்ட லைப்ரரியையெல்லாம் உள்ளே இழுத்துப் போட்டான். லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் தாங்கும் என்றான். ஆஸ்பத்திரியில் மொத்தமே நாற்பது நாற்காலி. எது எங்கே, எப்படி ஓடவேண்டும் என்று சொல்லும் கான்ஃபிகரேஷன் ஃபைல் அறுநூறு வரியைத் தாண்டியது. அதில் பாதி எதற்கென்று அவனுக்கே தெரியாது; எதையாவது எடுத்தால் ஓடாமல் போய்விடுமோ என்ற பயத்தில் எதையும் எடுக்கமாட்டான்.

"சார், இதுல பாதி தேவையே இல்லியே," என்று ஒருநாள் இளமதி கேட்டுவிட்டாள்.

"நீ பட்டன் கலர் மாத்துற வேலைய பாரும்மா. செட்டப்லாம் ஒனக்குப் புரியாது," என்றான், எல்லோர் எதிரிலும். ஆபீசே சிரித்தது.

அடுத்த வாரம் அதே ஃபைலில் வேறொரு வரி அவள் கண்ணில் பட்டது. பேரையும் நம்பரையும் சேமிக்கும் டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரி. அங்கே கார்த்திகேசனின் சொந்த மேசைக் கம்ப்யூட்டரின் முகவரி இருந்தது. இந்த ஆபீசுக்குள் இருக்கும்வரை எல்லாம் ஓடும். சிதம்பரம் போனால் படுத்துவிடும். இளமதி வாயைத் திறக்கவில்லை. போகட்டும், எல்லோர் எதிரிலும் விழட்டும்.

மூன்று வாரம் கழித்துத் திறப்பு விழா. ஆஸ்பத்திரியில் பழைய அட்டை டோக்கனை அன்று காலையே கட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள். டாக்டர் ஜான்சி புன்னகையோடு பட்டனை அழுத்தினார். திரையில் சிவப்பு எழுத்து மளமளவென்று கொட்டியது.

"ஒங்க நெட்டு வீக்கா இருக்கு மேடம்," என்றான் கார்த்திகேசன். ரவுட்டரை அணைத்துப் போட்டார்கள். பிறகு ஆன்டிவைரஸ் என்றான். ஜாவா வெர்ஷன் என்றான். கடைசியில் வோல்டேஜ் ஜாஸ்தி என்றும் சொல்லிப் பார்த்தான். அந்த முகவரியில் பதில் சொல்ல ஆளில்லை என்று சிவப்பு எழுத்து தலைபாடாய் அடித்துக்கொண்டது. படித்தால்தானே? சுவரில் சாய்ந்து நின்ற இளமதிக்கு இப்படியொரு இனிப்பான அரைமணி நேரம் வாய்த்ததே இல்லை.

கூட்டம் பிய்த்தெடுத்தது கவுண்டரில் இருந்த தைலம்மாளை. காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருத்தி, "யாரு மொதல்லன்னே தெரியல, எம்புள்ளய எப்பதான் பாப்பீங்க?" என்று கத்தினாள். தைலம்மாள் எழுந்து இளமதியிடம் வந்தாள்.

"யம்மா, நீயும் கம்ப்யூட்டர் பொண்ணுதான? என்னா கோளாறுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எப்பலேருந்து?"

"மூணு வாரமா."

தைலம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா இருக்கு, ஒங்க ரெண்டு பேரு பொழப்பும்."

அந்த 'ரெண்டு பேரு'தான் சுட்டது. கார்த்திகேசனோடு சேர்த்து அவளை யாரும் எண்ணியதில்லை.

"எந்திரிங்க சார்," என்றாள் கார்த்திகேசனிடம். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரிலேயே டேட்டாபேசை உருவாக்கி, முகவரியை மாற்றி, புரோகிராமைத் திரும்ப ஓட்டினாள். அரைமணியில் டிவியில் முதல் நம்பர் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் உள்ளே ஓடினாள்.

"நெட்வொர்க் பிராப்ளம் மேடம், சரி பண்ணிட்டோம்," என்றான் கார்த்திகேசன். அவனுக்குச் சால்வை போட்டார்கள். கூச்சமே இல்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் இளமதி ராஜமாணிக்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள், தான் மறைத்ததையும் சேர்த்து. அவர் தலையைச் சொறிந்தார்.

"மச்சானா போயிட்டான். வூட்ல பேச முடியாதும்மா. இனிமே செட்டப்ப நீ பாத்துக்க. பேரு மட்டும் அவன் பேர்லயே இருக்கட்டும்."

மானங்கெட்ட ஏற்பாடு. ஆனாலும் சரி என்றாள். அந்த அறுநூறு வரியை வெட்ட அவளுக்குக் கை அரித்தது.

மறுநாள் காலை தைலம்மாள் போன் செய்தாள்.

"நேத்து பேரு லிஸ்ட்ட எடுத்தா எல்லாம் கேள்விக்குறியா வருதும்மா. நான் தமிழ்லதான தட்டுனேன்?"

இளமதிக்கு முகம் சிவந்தது. அவசரத்தில் டேட்டாபேசை உருவாக்கியபோது தமிழ் எழுத்துக்கான அமைப்பை வைக்க மறந்திருந்தாள். இதில் கார்த்திகேசனின் கை படவே இல்லை.

"என் தப்புதான்க்கா. இப்ப சரி பண்ணிடுறேன்."

"அப்ப நேத்து போட்ட நூத்தெம்பது பேரு?"

"அது கேள்விக்குறியாவே பதிஞ்சிடுச்சு, திரும்ப வராதுக்கா. டாக்டர்கிட்ட இருக்குற சீட்டப் பாத்து மறுபடியும் தட்டணும்."

"யாரு தட்டுறது?"

"நான்தான். வந்துட்டே இருக்கேன்," என்று சொல்லிவிட்டு, யாரிடமும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.