கொசுச் சத்தம்

கல்யாண மண்டபத்தில் மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். விருந்தினர் வர இன்னும் நேரமிருந்தது. மேடையில் ஒலி சரிபார்ப்பதற்காக ஒரு மெதுவான பாட்டைத் தொடங்கிய லிகாயா, இரண்டாம் அடியிலேயே நிறுத்திவிட்டு மைக்கைக் கீழே இறக்கினாள்.

"என்னது அது? காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி."

டெல்ஃபின் கிதார் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அடக்கினான். உற்றுக் கேட்டான். மின்விசிறி ஓடியது. சமையலறையில் தட்டுகள் மோதிக்கொண்டன. வெளியே ஒரு லாரி கியர் மாற்றியது. கொசு எதுவும் இல்லை.

"எங்க?"

"இப்பவும்தான் கேக்குது. ஙொய்னு."

கீபோர்டு வாசிக்கும் எர்வின் அதற்குள் எழுந்து வந்துவிட்டான். குழுவில் வயதில் குறைந்தவன் அவன்தான்; டெல்ஃபினை 'கூயா' என்று அண்ணன் முறை சொல்லித்தான் கூப்பிடுவான். டெல்ஃபினின் காலடியில் இருந்த, கிதார் ஒலியை மாற்றும் பெடல்கள் பொருத்திய பலகைக்கு முன் குந்தி உட்கார்ந்து, கோடியில் இருந்த டிலே பெடலின் மின்கம்பியை உருவினான். கிதார் ஒலிக்கு எதிரொலி கொடுப்பது அந்தப் பெடல்தான்.

"இப்ப?"

"போச்சு," என்றாள் லிகாயா. டிரம்ஸ் வாசிக்கும் போயெட்டும் தலையாட்டினான். எர்வின் கம்பியைத் திரும்பச் செருகினான். மூன்று பேரும் ஒரே சமயத்தில் முகத்தைச் சுளித்தார்கள். கொஞ்சம் தாமதமாக டெல்ஃபினும் சுளித்தான்.

"கூயா, ஒரே அடாப்டர்ல இருந்து வால் வாலா இழுத்து எல்லா பெடலுக்கும் குடுக்கறீங்கல்ல, அதான் வினை," என்றான் எர்வின். "டிலே டிஜிட்டல். தன்னோட அழுக்கையெல்லாம் அந்த ஒத்தைக் கம்பி வழியா மத்ததுக்குள்ள தள்ளுது. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கரண்ட் குடுக்கற பவர் சப்ளை ஒண்ணு வாங்கிடுங்க. எத்தனை நாளா சொல்றேன்."

"வாங்கறேன்டா. கல்யாணத்துக்கு வந்தவன் சாப்பிடுவானா, கொசு இருக்கான்னு பாப்பானா?"

போயெட் சிரித்தான். லிகாயா சிரிக்கவில்லை. அன்று மாலை டிலே இல்லாமலே வாசித்தார்கள். டெல்ஃபினுக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஓட்டுவது போல இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போதும் அவன் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். மிகைப்படுத்துகிறார்கள் என்றுதான் தோன்றியது. இந்தக் குழுவின் காதே அவன்தான். எந்த மண்டபமானாலும் மிக்ஸர் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். வேறு யாரும் தொடமாட்டார்கள். டிரம்ஸின் எந்தத் தோல் தளர்ந்திருக்கிறது என்பதை மேடையின் மறுகோடியிலிருந்தே சொல்லிவிடுவான். சொந்த மனைவி லிகாயாவின் குரலில் வந்த மாற்றத்தைக்கூட முதலில் கண்டுபிடித்தவன் அவன்தானே. போன வருடம் ஒரு ஞானஸ்நான விருந்து முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது அவளிடம் சொன்னான். குரலில் அந்தக் கூர்மை போய்விட்டது, கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கிறது, வயதானால் எல்லாருக்கும் நடப்பதுதான் என்று. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து காலையும் மாலையும் இஞ்சியைத் தட்டிப்போட்டு, சலபாத் என்னும் இஞ்சித் தண்ணீர் காய்ச்சிக் குடிக்க ஆரம்பித்தாள். உச்சத்தில் ஏறுகிற பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டாள். மற்றவற்றின் சுருதியைக் குறைத்துக்கொண்டார்கள். அவனும் தன் பங்குக்கு மிக்ஸரில் அவள் மைக்கின் ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலிகளின் அளவை, மேலும் மேலும் ஏற்றிக் கொடுத்துப் பார்த்தான். ஒன்றிரண்டு இடங்களில் முன்வரிசைக் கிழவிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மண்டபத்தின் தகரக் கூரை அப்படி என்று நினைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையில் பெடல் பலகையைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, மின்சாதனக் கடைகள் நிறைந்த ராவோன் தெருவுக்குப் போனான். சம்பாலோக்கில் இருந்த வீட்டிலிருந்து ஜீப்னி என்கிற சிறு பேருந்தில் கொஞ்ச தூரம்தான். தெரு வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு ஸ்பீக்கர், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு பாட்டு. ஒஃபெலியாவின் கடை, இசை ஓடக் கூடவே பாடுகிற வீடியோகே பெட்டி விற்கும் கடைக்குப் பக்கத்தில், மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் தெருவில் நிற்கவேண்டிய அளவில் இருந்தது. அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எதையோ ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கூயா, அடாப்டர் வெடிச்சிடுச்சா?"

"இன்னும் இல்ல. பவர் சப்ளை பாக்கணும். என் மச்சான் கலிபோர்னியாவுல இருந்து ஒண்ணு அனுப்பறேங்கறான்."

"அனுப்பட்டும். அது 110 வோல்ட்ல ஓடறது. இங்க 220-ல குத்துங்க, நல்லா வாட்டின கோழி வாசனை வரும்." பையை வாங்கிப் பலகையை மேசைமேல் வைத்தாள். "கதவு வெட்டிச் செஞ்சதா இது? கீல் வச்ச ஓட்டைகூட இருக்கே."

பெடல்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, அடியில் எழுதியிருந்ததைப் படித்தாள். பெரும்பாலானவை கொஞ்சமாகத்தான் குடிக்கும், டிலே மட்டும் பெருந்தீனிக்காரன், அவனுக்கு முந்நூறு மில்லியாம்பியராவது வேண்டும் என்றாள். ஒரு கிதாரையும் ஒலியைப் பெருக்கும் ஆம்பையும் மாட்டி, அவனுடைய பழைய அடாப்டரிலேயே முதலில் ஓடவிட்டாள். உடனே ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

"யப்பா. பல்லு கூசுது. இதோட எப்படி வாசிக்கறீங்க?"

"அதான் வந்தேன்," என்றான் டெல்ஃபின். அவன் காதுக்கு எட்டியதெல்லாம் ஆம்பின் வழக்கமான உறுமலும் பக்கத்துக் கடைப் பாட்டும்தான்.

அலமாரியிலிருந்து இரண்டு பெட்டிகள் இறங்கின. ஒன்று மெல்லியது, பளபளப்பானது, நீல விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஒவ்வொரு துளையும் தனித்தனி என்று மேலே பெரிதாக அச்சடித்திருந்தது. இன்னொன்று செங்கல் போலக் கனத்தது, கறுப்பு, விளக்கே இல்லை. பளபளப்பானதை அவனுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. மேடையில் காலடியில் நீலமாக எரிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஒஃபெலியா அதை மாட்டினாள். அவன் ஒரு கம்பியை மீட்டி, ஒலி அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"போச்சு," என்றான் திருப்தியாக. "சுத்தமாப் போச்சு."

ஒஃபெலியா அவனைப் பார்த்தாள். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மறுபடி பார்த்தாள்.

"போகலையே கூயா. அப்படியேதான் இருக்கு. இது மேலதான் தனித்தனின்னு போட்டிருக்கான், உள்ள எல்லாம் ஒரே கம்பி. நானே திறந்து பாத்தேன். வித்தியாசம் தெரியட்டும்னுதான் முதல்ல மாட்டினேன்."

"தெருச் சத்தத்துல..."

"ஆமா, தெருச் சத்தம்," என்றாள் அவள் சட்டென்று. எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். கறுப்புச் செங்கல்லை மாட்டினாள். பிறகு பளபளப்பானதை. பிறகு மறுபடி கறுப்பை. ஒவ்வொரு தடவையும் அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது தடவை கண்ணைத் திறந்து, ஆம்பை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். சுளித்திருந்த புருவம் இறங்கியிருந்தது.

"இப்ப இல்ல," என்றான்.

"ம்," என்றாள். பிறகு மெதுவாக, கையிலிருந்த ஒயரைப் பார்த்தபடி கேட்டாள். "மேடையில டிரம்ஸ் உங்களுக்கு எந்தப் பக்கம்? அந்தச் சத்தம் காதைத் தின்னுடும் கூயா."

அவனுக்கு முதலில் வந்தது கோபம்தான். ராவோன் கடைக்காரர்களின் வித்தை அவனுக்குத் தெரியாததா? இல்லாத சத்தத்தை இருக்கிறது என்று சொல்லி விலை கூடினதைத் தலையில் கட்டுவது. ஆனால் லிகாயாவுக்கும் எர்வினுக்கும் போயெட்டுக்கும் இவள் எந்தக் கமிஷனும் கொடுத்திருக்க முடியாது. அவர்கள் முகத்தைச் சுளித்தது நினைவுக்கு வந்தது. தான் பிந்திச் சுளித்ததும். அதற்குப் பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், வேறொன்றும் வந்தது. கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போல. அப்படித்தானே சொன்னான்.

ஸ்டூலில் உட்கார்ந்தான். ஒஃபெலியா ஒரு குவளையில் தண்ணீர் வைத்துவிட்டு, தன் வேலைக்குத் திரும்பியவள் போல உப்புத்தாளால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் கறுப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடலாம். டிலே பாடும், கொசு போய்விடும், யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை. குரல் விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துவிடலாம்: இஞ்சி வேலை செய்கிறது, கூர்மை திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால் அவள் நம்புவாள். அவன் சொன்னால் அவள் எதையும் நம்புவாள். அந்த நினைப்புதான் அவனைப் போனை எடுக்கவைத்தது.

லிகாயா மடக்குக் குடையோடு வந்து சேர்ந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே வந்ததில் சட்டையில் பூண்டு வாசனை.

"பெட்டி வாங்க நான் எதுக்கு? எனக்கென்ன தெரியும்?"

"சும்மா கேட்டுச் சொல்லு. எதுல கொசு இருக்கு, எதுல இல்லைன்னு. அந்தப் பக்கம் திரும்பிக்க. ஒஃபெலியா எதை மாட்டறாங்கன்னு பாக்காத."

அவள் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "இருக்கு," என்றாள். "இல்ல. இல்ல. இருக்கு. இப்ப ரொம்ப நல்லாவே இருக்கு. எதுக்கு இத்தனை தடவை, உனக்குக் கேக்கலையா என்ன?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுத் திரும்பியவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கேக்கல," என்றான் டெல்ஃபின்.

"ஒண்ணுமேவா?"

"கொசு கேக்கல. மத்ததெல்லாம் கேக்குது. மேல மேல இருக்கறதுதான்..." கையை உச்சியில் வைத்துக் காட்டினான். "லிகாயா, உன் குரலுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான்."

ஒஃபெலியா ஒயர் எடுத்துவருவதாகச் சொல்லிக் கடைக்குப் பின்னால் போனாள். பின்னால் ஓர் ஆள் ஒடுங்கி நிற்கத்தான் இடம் இருந்தது.

லிகாயா முதலில் சிரித்தாள். பிறகு குடையால் அவன் தோளில் ஒன்று வைத்தாள், பலமாகவே.

"ஒரு வருஷமா இஞ்சித் தண்ணி! நாக்கே செத்துப் போச்சுடா பாவி!"

"தெரியலயே எனக்கு."

"எப்ப இருந்து தெரியும்?"

"இப்பதான். ஒரு மணி நேரமா."

அவள் இன்னொரு தடவை குடையை ஓங்கி, பாதியில் இறக்கிவிட்டாள். குரல் மாறிவிட்டது. "கிறிஸ்மஸ் விடியக்காலைப் பூசைகள்ல தனியாப் பாடறத நானா போய் கோரசோன் கிட்ட விட்டுக்குடுத்தேன். ஃபாதர் வேணாம் வேணாம்னார். இல்ல ஃபாதர், எனக்குக் குரல் போயிடுச்சுன்னு சொன்னேன். பதினெட்டு வயசுல இருந்து நான் பாடின இடம் அது. பெஞ்சுல உக்காந்து அவ பாடறதக் கேட்டேன்."

அந்தப் பூசைகளில் டெல்ஃபினும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கோரசோனின் குரலும் மங்கித்தான் இருக்கிறது என்று அவள் காதில் கிசுகிசுத்து ஆறுதல்கூடச் சொன்னான்.

"காதை யார்கிட்டயாவது காட்டணும்," என்றாள் லிகாயா கடைசியில். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "மிக்ஸரை எர்வின் பாத்துக்கட்டும்."

"எர்வினா? அவன்..."

"எர்வின்தான்."

கறுப்புப் பெட்டிக்கு லிகாயாவே பேரம் பேசினாள். ஒஃபெலியா ஏதோ குறைத்து, டிலேவுக்கென்று நல்ல ஒயர் ஒன்றையும் சும்மா போட்டாள். எந்தப் பெடலுக்கு எந்தத் துளை என்று விளக்கியபோது, டெல்ஃபினை விட லிகாயாதான் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பலகைக்கு அடியில் பெட்டியைத் திருகி மாட்டியதும் பை இரண்டு மடங்கு கனத்தது. இருவரும் தெருவுக்கு வந்தார்கள்.

பக்கத்துக் கடைக்காரன் வீடியோகே பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிடுவது போலவே, "பாடிப் பாருங்க மேடம், காசு வேணாம்," என்றான். தினமும் நூறு பேர் அதைக் காதில் வாங்காமல் கடந்து போவார்கள். லிகாயா நின்றாள். குடையைக் கணவன் கையில் கொடுத்தாள். பாட்டுப் பட்டியலைப் புரட்டவில்லை. நம்பர் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது, நேராக அழுத்தினாள். முன்னிசை ஓடும்போது பெட்டியின் குமிழ்களைக் குனிந்து பார்த்து, ட்ரெபிள் என்று இருந்ததை நடுவில் கொண்டுவந்து வைத்தாள். அவள் கைவிட்ட பாட்டுகளில் ஒன்று அது. சுருதியைக் குறைக்கவில்லை.

கீழே நிதானமாகத் தொடங்கி, படிப்படியாக ஏறினாள். டெல்ஃபின் நடைபாதையின் விளிம்பில், தோளில் பையோடு, கையில் பூப்போட்ட குடையோடு நின்றான். அவனுக்கும் பாட்டு கேட்டது, கம்பளிக்கு உள்ளே, முன்பு போலவே. சில சொற்களில் அவள் நாக்கு பல்லைத் தொடுவது மட்டும் தெரிந்தது, அந்த 'ஸ்' ஒலி அவன் காதுக்கு வந்து சேரவில்லை. உச்சம் வரப்போகிற இடம் அவனுக்குத் தெரியும். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

நெரிசலில் சிக்கி ஊர்ந்துகொண்டிருந்த ஜீப்னி ஒன்றின் ஓட்டுநர், முன்னால் வழி கிடைத்தும் நகராமல், தன் ரேடியோவை அணைத்துவிட்டு பாட்டு வந்த பக்கம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.