என் பெயரில் ஒரு வலி

கூடை மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது, கடற்காற்றில் சுவரைத் தட்டித் தட்டித் திரும்புகிறது, நான் கீழே ரொட்டிக் கட்டோடு அண்ணாந்து நிற்கிறேன், அண்ணே, இறக்குங்க, என்று ஐந்தாம் மாடியைப் பார்த்துக் கத்துகிறேன். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பழைய வீடுகளில் இதுதான் வழக்கம், மேலே இருப்பவர் கயிற்றில் கூடையை இறக்குவார், கடைக்காரர் ரொட்டியோ தக்காளியோ போடுவார், கூடை ஏறிவிடும், எங்கள் வீட்டில் இறக்குபவர் ஜெரால்டு அண்ணன், தூத்துக்குடிக்காரர், சாயப்பட்டறையில் என்னோடு இரவு வேலை பார்த்தவர், நான் ஒருநாள் பாதி வேலையில் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தவன், திரும்பிப் போகவில்லை, அவரைப் பட்டறைக்காரர்களே வேலையை விட்டு அனுப்பினார்கள், அதோடு அவருடைய தங்கும் அனுமதி முடிந்தது, எனக்கு இன்னும் சில மாதம் இருந்தது. அதனால் தெரு என்னுடையது, ரொட்டி, தண்ணீர், கேஸ் சிலிண்டர், அவர் வீட்டுக்குப் பேச போன் கார்டு, கயிறு அவருடையது, படி ஏறினால் அவருக்கு நெஞ்சை அடைக்கும், இடது கை மரத்துப்போகும், ஆஸ்பத்திரி என்றால் பாஸ்போர்ட் கேட்பான், போலீஸ் வரும், லே, எம்பேரச் சொல்லிராத, ஒனக்குன்னு சொல்லி மருந்து வாங்கிட்டு வா, என்கிறார், சரி என்கிறேன், எனக்கு அது பெரிய பொய்யாகவே தெரியவில்லை.

கீழே மருந்துக்கடை, இங்கே மருந்துக்கடைக்காரரும் டாக்டர்தான், டாக்டர் அஷ்ரஃப் சீட்டெல்லாம் கேட்பதில்லை, வலி எங்கே என்று கேட்டுவிட்டு, மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுப்பார், நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறேன், இடது கையைத் தேய்த்துக் காட்டுகிறேன், அவர் முகம் மாறி, உட்கார் என்று என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறார், முள் இறங்குவதைப் பார்க்கிறார், பிறகு சிரிக்கிறார், குதிரை மாதிரி இருக்கே உன் இதயம், இது வாயுதான், டீயைக் குறை, ஒரு கல்யாணம் பண்ணிக்கோ. மேலே வந்ததும், என்னலே சொன்னாரு, கல்யாணம் பண்ணச் சொன்னாருண்ணே, ஒண்ணு பண்ணித்தானே இந்த நெஞ்சுவலி, என்று சிரித்தபடியே வாயு மாத்திரையை விழுங்கினார், இருபது நாள் விழுங்கினார், ஒவ்வொரு முறையும் என் ரத்த அழுத்தம்தான் பார்க்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் நன்றாகவே இருந்தது.

அண்ணே, என்று மறுபடி கத்துகிறேன், கூடை அசைகிறது, கயிறு அசையவில்லை, படிகளில் ஓடினேன், இப்போதும் சில நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறேன், ஐந்தாம் மாடி வருவதேயில்லை, வந்தபோது அவர் பால்கனிக் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வலது மணிக்கட்டில் கயிறு இரண்டு சுற்று, வாய் லேசாகத் திறந்து, சட்டை வேர்வையில் நனைந்து. கையில் ரொட்டி சூடாகவே இருந்தது. அன்றைக்கு போலீஸ் வந்தது, அவர் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள், கொடுத்தேன், தங்கும் அனுமதி காலாவதியானதை யாரும் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

உடலை ஊருக்கு அனுப்ப ஒரு மாதம் ஆயிற்று, நான் இன்னும் இங்கேதான், படி இறங்கப் பிடிக்கவில்லை, கயிற்றை என் மணிக்கட்டில் சுற்றிக் கூடையை இறக்குகிறேன், அது எங்கும் நிற்காமல் தரைக்குப் போய்விடுகிறது, ரொட்டி அதில் விழுகிறது, டாக்டர் அஷ்ரஃப் கடையிலிருந்து வெளியே வந்து, நான் கேட்காமலே ஓர் அட்டையை நறுக்கி அதற்குள் போடுகிறார், அண்ணாந்து கையைக் குவித்துக் கத்துகிறார், பாவம் உன் கூட்டாளி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பார்த்திருப்பேனே, நீ உடம்பைக் கவனி, உன் நெஞ்சுவலி எப்படி இருக்கு. அது யாருடைய வலி என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அரபி தெரியும். போயிடுச்சு டாக்டர், என்கிறேன். பார்த்தாயா, என் மாத்திரை, என்று அவர் நெஞ்சில் தட்டிக்கொள்கிறார், நான் இழுக்கிறேன், கூடை ஏறி வருகிறது.