நாற்பத்து மூன்று பஞ்சுக் குச்சிகள்

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, சாய்த்துப் போட்ட ஓட்டுநர் இருக்கையில் அவள் படுத்திருந்தாள். நேற்று மதியம் கணவரை இந்த இருக்கையிலிருந்துதான் தூக்கி இறக்கினார்கள். தலைக்கு மேலே சன்ரூஃப், காரின் கூரைக் கண்ணாடி, நான்கு விரல் அகலம் திறந்து நின்றது. அந்த இடைவெளியில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

மூன்று மணிக்கு அவர் உடலோடு ஆஸ்பத்திரி வண்டி வந்துவிடும். அதன் பின்னால் மாமியாரை ஏற்றிக்கொண்டு இந்தக் கார் சுடுகாடுவரை போக வேண்டும்.

"விடுங்க அண்ணி," கொழுந்தன் ஜன்னலருகே குனிந்தான். "மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிட்டுப் போயிடலாம். இன்னைக்கா இதைப் பிரிச்சு மேயணும்?"

அவள் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். "பிரிக்கல. பார்க்கறேன்."

அவன் நகரவில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் கேட்டதையே மறுபடி கேட்டான்: கடைசியாகச் சத்தம் கேட்டது எப்போது? கொஞ்சம் முன்னாடிதான் என்று நேற்று சொல்லியிருந்தாள். அது பொய். மோட்டார் சத்தம் பதினொன்றரைக்கே நின்றுவிட்டது. சாப்பிடக் கூப்பிட அவள் வெளியே வந்தது ஒரு மணிக்கு. அந்த ஒன்றரை மணி நேரமும் பத்தடி தள்ளி, சமையலறையில்தான் இருந்தாள்.

எட்டிப் பார்க்காததற்கு ஒரு காரணம் உண்டு. அவள் தையல் மெஷின் பழுது பார்ப்பவள். அவர் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். கல்யாணமான புதிதில் அவர் மாட்டிய குழாயை அவள் கழற்றிச் சரியாக மாட்ட, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: ஒருத்தர் தொட்ட வேலையில் இன்னொருத்தர், கூப்பிட்டாலொழிய, தலையிடக் கூடாது. நேற்றுக் காலை, சிக்கிக்கொண்ட சன்ரூஃபைச் சரிசெய்ய அவர் காரில் ஏறியபோதும் அவள் சீண்டத்தான் செய்தாள். "நீங்க ஆணி அடிச்ச சுவருக்கே இன்னும் காயம் ஆறல."

"இந்தப் பக்கமே வராத. மூடிட்டு நானே கூப்பிடறேன்," என்றார்.

கூப்பிடவில்லை.

சன்ரூஃபின் சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை. கண்ணாடிக்கு இரு பக்கமும் தண்டவாளம். ஒவ்வொன்றுக்குள்ளும் முறுக்குக் கம்பிபோல ஒரு கேபிள். நடுவில் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் இரண்டையும் ஒன்றாகத் தள்ளும். மண் அடைத்து ஒரு கேபிள் ஒரு பல் பின்தங்கினால் போதும், கண்ணாடி கோணிக்கொள்ளும். தள்ளத் தள்ள இறுகும். மோட்டாரைக் கழற்றி, தண்டவாளத்தைத் துடைத்து, கேபிள் இரண்டையும் சமமாக நிறுத்தி, மறுபடி மாட்ட வேண்டும். தையல் மெஷினில் ஊசியும் கொக்கியும் சந்திக்கிற கணக்குதான்.

இஞ்ச் டேப்பை எடுத்து இடைவெளியை அளந்தாள். இடது பக்கம் ஏழு சென்டிமீட்டர். வலது பக்கம் ஏழு.

நேற்றுக் காலை கோணலாக இருந்த கண்ணாடி.

தண்டவாளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். மண் ஒரு துகள்கூட ஒட்டவில்லை. பக்கத்து இருக்கையின் கால்மிதியில் காது குடையும் பஞ்சுக் குச்சிகள் குவிந்து கிடந்தன, எல்லாம் கரி. ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கி எண்ணினாள். நாற்பத்து மூன்று. உள்ளே விட்டு, நெருடி, திருப்பி எடுக்க ஒரு குச்சிக்கு ஒரு நிமிடமாவது ஆகும். கேபிளைச் சமமாக்க அவருக்கு இருபது நிமிடம். மோட்டாரைக் கழற்றி மாட்டப் பத்து. மோட்டாரின் நான்கு திருகுகளில் மூன்று இறுகியிருந்தன. நாலாவது, இருக்கை மடிப்பில் அவள் இடுப்புக்கு அடியில் கிடந்தது.

எழுபத்து மூன்று நிமிடம். எப்படிக் கூட்டினாலும் கால் மணி நேரம் மிஞ்சியது.

திருகை முடுக்கினாள். ஜன்னல் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "சத்தம் பதினொன்றரைக்கே நின்னுடுச்சு. நான் ஒரு மணிக்குத்தான் வந்தேன்."

கொழுந்தன் நிமிர்ந்தான்.

"அதுக்கப்புறமும் ஒரு மணி நேரத்துக்கு மேல வேலை பார்த்திருக்கார். சத்தமில்லாத வேலை."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு கால் மணி நேரம் இருக்கு. அது எனக்குத் தெரியல."

அவன் கார்க் கூரைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தாள். தெரு முனையில் ஒரு வண்டி வேகம் குறைத்துத் திரும்பும் சத்தம் கேட்டது.

சாவியைத் திருப்பி, பட்டனை அமுக்கிப் பிடித்தாள். மோட்டாரைக் கழற்றி மாட்டினால் அதற்குப் பழைய எல்லைகள் மறந்துபோகும். விரலை எடுக்காமல் பிடித்திருந்தால், கண்ணாடி தானே ஒருமுறை முழுக்கத் திறந்து, முழுக்க மூடி, மறுபடி மனப்பாடம் செய்துகொள்ளும்.

"வந்துட்டாங்க. இறங்குங்க அண்ணி."

"கையை எடுத்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அவன் வாசலைப் பார்த்தான். வருகிறவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினான்.

கண்ணாடி பின்னால் போய்க்கொண்டே இருந்தது. தூறல் உள்ளே விழுந்து குச்சிகள்மேல் தெறித்தது. கடைசிவரை போய், ஒரு கணம் நின்று, இரு பக்கமும் ஒன்றாகத் திரும்பி வரத் தொடங்கியது. வெளியே வண்டியின் பின்கதவை யாரோ திறந்தார்கள். அவள் கண்ணாடியின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு சாண் இருந்தது.