லேபிள் இல்லாத ஃப்ரிட்டிலரி

போர்வைத் திரைக்கு அந்தப் பக்கம் வாப்பாவின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் வைத்தீஸ்வரன் சார் வாசல் செருப்புகளைத் தாண்டி உள்ளே வந்து, பீரோவின் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே அஃப்ஷாவிடம் கேட்டார்.

"ஹனீப் ஒரு பெட்டி வெச்சிருப்பானே, கண்ணாடி மூடி போட்டது. அது எங்கேம்மா?"

தாராவிச் சாக்கடைக்கு இருபத்தெட்டு வருடமாகப் பழகிய மூக்கு அவளுடையது. இந்த ஆளின் சென்ட் வாசனைதான் குமட்டியது.

சயான் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இவர் விலங்கியல் பேராசிரியர், வாப்பா பியூன். மலைக்குப் பூச்சி பிடிக்கப் போனால் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வாப்பா, ஊசியில் குத்தி இறக்கை விரிப்பது வாப்பா, புத்தகத்தில் பேர் மட்டும் சாருக்கு. அறுபத்து மூன்று வயதில் செத்துக் கிடக்கிற மனிதரை இன்னும் அவன் இவன் என்கிறார். தூ!

பெட்டியில் இரண்டே வண்ணத்துப்பூச்சிகள். இரண்டும் பெரிய ஜாதி ஃப்ரிட்டிலரி, ஆரஞ்சு இறக்கையில் கறுப்புப் புள்ளிகள், இரண்டும் பெட்டை. டார்ஜிலிங்கில் பிடித்ததற்கு முன்னிறக்கை நுனி கறுத்து, குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடும். பழனி மலையில் பிடித்ததற்கு அந்தக் கறுப்பு கிடையாது, ஆணைப் போலவே இருக்கும்.

"வடக்க உள்ளவ வேசம் கட்டுவா பிள்ள. கசக்குற பூச்சி ஒண்ணு இருக்கு, அது மாதிரி. குருவி பாத்துட்டு, சீன்னு விட்டுட்டுப் போயிரும். நம்ம பழனிக்காரிக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தாது" என்பார் வாப்பா.

சார் தன் புத்தகத்தில் கறுப்பு நுனிக்காரியின் படத்தைப் போட்டு, பழனி மலை என்று அச்சடித்துவிட்டார். வாப்பா அன்றைக்கே அது தப்பென்று சொன்னார். 'உன் வேலையைப் பாரு' என்று பதில் வந்தது. இப்போது யாரோ ஆராய்ச்சிக்காரர்கள் அந்தப் படத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்களாம். வாப்பா படுக்கையில் கிடந்த இரண்டு மாதமும் எட்டிப் பார்க்காதவர் இன்று அந்தச் சாட்சிப் பெட்டிக்காக ஓடி வந்துவிட்டார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.

"குடுத்துத் தொலை பிள்ள. மய்யித்து வீட்டுல பேச்சு எதுக்கு?" என்றாள் உம்மா ரஷீதா, முக்காட்டுக்குள் மூக்கைத் துடைத்தபடி.

"மொதல்ல மய்யித்து போவட்டும் சார்" என்றாள் அஃப்ஷா.

கஃபன் துணி சுற்றி, கற்பூரம் போட்டு, கடைசியாக முகம் காட்டினார்கள். சந்துக்குள் மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கு தயாரானது. அதன்மேல் பச்சைத் துணியை விரித்தார்கள். மன்சூர் அலி சாச்சா கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"எங்க அண்ணன் யாருக்காவது தப்பு செஞ்சிருந்தா, மனசு நோவப் பேசிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கிடுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். சார் மட்டும் ஒரு அடி முன்னே வந்தார்.

"என் புத்தகத்துல ஒரு பெரிய பிசகு. லேபிளை மாத்தி ஒட்டினது ஹனீப்தான். பாவம், படிக்காதவன். நான் மன்னிச்சுட்டேன்."

"பெரிய மனசு" என்றார் கூட்டத்தில் யாரோ.

வாசற்படியில் நின்ற அஃப்ஷாவுக்கு வாயில் எச்சில் கசந்தது. மன்னிப்பாம்! செத்தவன் திரும்பி வந்து இல்லையென்று சொல்ல மாட்டான் என்கிற தைரியம். இந்தப் பழியைத் தலையில் வைத்துக்கொண்டா வாப்பா கபர்ஸ்தானுக்குப் போக வேண்டும்?

உள்ளே போய்ப் பெட்டியை இறக்கினாள். பாச்சை உருண்டை வாடை மூக்கில் ஏறியது. ஊசிகளின் அடியில் எந்த மலையென்று வாப்பா தன் கையால் எழுதிக் குத்தியிருந்த சீட்டுகள் இரண்டையும் உருவி உள்ளங்கையில் மடக்கிக்கொண்டாள்.

"ஏ, வெளிய போவாத!" என்றாள் உம்மா.

போனாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் பெட்டியை நீட்டினாள்.

"இதுல பழனி எது சார்? சொல்லிட்டு எடுத்துக்கிடுங்க."

சார் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். மூடியைத் திறந்து ஆட்காட்டி விரலால் ஒரு இறக்கையை அழுத்தித் தள்ளினார். வாப்பா ஒரு நாளும் இறக்கையை விரலால் தொட்டதில்லை.

"லேபிள் எங்கேம்மா?"

"இல்ல சார்."

"லேபிள் இல்லாம எப்படிச் சொல்றது?"

"வாப்பா சொல்லுவாவ."

சாச்சா பெட்டியைப் பார்த்தார், சாரைப் பார்த்தார்.

"அண்ணன் மேல இனி யாருக்கும் ஒண்ணும் இல்லைல்லா? சரி, தூக்குங்க."

சந்தூக்கு எழுந்தது. சந்து குறுகல், ஒதுங்க இடமில்லை. சுவரோடு நெருக்கப்பட்ட சார், விழாமலிருக்கச் சந்தூக்கையே ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

அவர் கையை எடுத்தபோது பச்சைத் துணியில், வாப்பாவின் கால்மாட்டில், ஒரு விரலளவுக்கு இறக்கையின் ஆரஞ்சுத் தூள் ஒட்டியிருந்தது. சந்து முனையில் சந்தூக்கு திரும்பும்வரை அஃப்ஷாவுக்கு அது தெரிந்தது.